தேங்காய் எண்ணெய் உறைந்த மவுத் ஆர்கன்

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் டெல்லியில் இருக்கிறீர்கள் என்று தெரியாது. இருப்பவர்களுக்கு நவம்பர் மாதக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். இந்த வருடம் என் நெஞ்சு டாக்டர் இன்ஹேலரோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். தினமும் கொஞ்ச நேரம் மவுத் ஆர்கன் வாசிக்க வேண்டும். அதில் ஊதினால் ஒரு சுரம், மூச்சை உள்ளே இழுத்தால் வேறொரு சுரம். நுரையீரலுக்கு இரண்டு வேலையும் கிடைக்கும் என்றார்.

வாங்கி வந்தேன். பெட்டிக்குள் ஒரு மடித்த தாள் இருந்தது. எதுவாக இருந்தாலும் அச்சில் வந்ததைக் கடைசி வரி வரை படித்துவிடுவது செய்தித்தாள் வேலையில் வந்த பழக்கம். வாசிக்கும் முன் வாயைக் கொப்பளிக்கவும். வாசித்து முடித்ததும் ஓட்டைகள் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டவும். மெல்லிய துணியால் துடைக்கவும். ஈரம் காயும் முன் பெட்டியை மூட வேண்டாம். நடுக்கட்டை பிளாஸ்டிக் என்றால் வெதுவெதுப்பான நீரில் அலசலாம், மரம் என்றால் தண்ணீரே படக் கூடாது. கடைசி வரி: எக்காரணம் கொண்டும் எண்ணெய் விடாதீர்கள்.

அந்தக் கடைசி வரியில் சிரித்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை, காரணம் சொல்லவும் ஆளில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ. கீழ்த்தளத்து வீடு. முன்னால் சின்ன புல்தரை. அதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியோடு பங்கிட்டுக்கொண்டிருந்தோம். குளிர்காலத்தில் வெயில் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டில்களும் நகரும். ஆன்ட்டி ஸ்வெட்டர் பின்னுவாள். அம்மா பட்டாணி உரிப்பாள். ஆரஞ்சுத் தோல் புல்லில் காய்ந்து கிடக்கும்.

அந்த வருடம் சித்தப்பா எங்களோடு இருந்தார். அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். அப்பா யார் யாரிடமோ சொல்லி ஒரு மந்திரி அலுவலகத்தில் டெம்பரரி கிளார்க் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். முன் வராந்தாவில் மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு அதற்குள் அவருக்கு ஒரு கட்டில். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன் மேல் நீல அட்டைப் பெட்டியில் மவுத் ஆர்கன். மேலும் கீழும் தகரமூடி, உள்ளே பித்தளைத் தகடு, நடுவில் பேரிக்காய்ப் பழுப்பில் மரக்கட்டை.

ஆபீஸிலிருந்து வந்ததும் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளிப்பார். பிறகு மவுத் ஆர்கனை எடுத்து ஸ்வெட்டருக்குள் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டைக்கு அடைகாக்கும் கோழி மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பார்.

"என்ன சித்தப்பா, குளிருதா?"

"எனக்கு இல்ல, இதுக்கு. குளிர்ந்த பித்தளையில மூச்சுப் பட்டா உள்ள தண்ணி கோத்துக்கும். நாக்கெல்லாம் ஒட்டிக்கும்." ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் காற்றில் துடிக்கும் மெல்லிய பித்தளைப் பட்டைகளைத்தான் நாக்கு என்பார்.

எனக்குத் தர மாட்டார் என்றில்லை. தருவார். ஆனால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். "எள்ளு மிட்டாய், ரேவடி தின்னிருக்க. ஒரு எள்ளு உள்ள போச்சுன்னா அந்த நாக்கு ஊமை. போய்க் கொப்பளிச்சிட்டு வா, ஜல்தி!"

தினமும் ஒரு இந்தி சினிமாப் பாட்டை வாசிப்பார். அது ஒன்றுதான் அவருக்கு முழுதாக வரும். முடிந்ததும் உள்ளங்கையில் தட்டுவார், துடைப்பார், மூடியைத் திறந்தே வைத்துவிட்டுச் சாப்பிட வருவார்.

எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடு. எச்சில் விஷயத்தில் அம்மா கறாரானவள். டம்ளர் உதட்டில் படாது, அண்ணாந்துதான் குடிப்போம். பள்ளிக்கூடத்தில் ஒரே கொய்யாவை நான்கு பேர் கடித்துத் தின்போம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் என் படிப்பு அன்றே நின்றிருக்கும். ஆன்ட்டி வீட்டிலும் எச்சிலை 'ஜூட்டா' என்று பார்ப்பார்கள், ஆனாலும் அம்மா அளவுக்கு இல்லை. அம்மா வராந்தாவைப் பெருக்கும்போது அந்த மவுத் ஆர்கனை நகர்த்த வேண்டிவந்தால், சூடான சட்டியை இறக்குவது போல முந்தானையால் பிடித்துத்தான் நகர்த்துவாள். இது நான் கண்ணால் பார்த்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஆன்ட்டி பின்னல் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "க்யூன் பேட்டி, சாச்சா ஆஜ் பீ தஃப்தர் நஹீன் கயே?" சித்தப்பா இன்றைக்கும் ஆபீஸ் போகவில்லையா, மத்தியானம் பாஜா ஊதும் சத்தம் கேட்டதே என்றாள். அதே பாட்டுதானாம். நடுவில் நடுவில் நின்று நின்று வந்ததாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் அதை அப்படியே சொன்னேன். சுவாரசியமான செய்தி என்று நினைத்தேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "ஏல, ஆபீசுக்குப் போகாம வீட்ல உக்காந்து ஊதுதியா?"

"இல்லண்ணே. போனேனே."

"அப்ப அந்தம்மா பொய் சொல்லுதாளா?"

"அது எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாம உன் மவுத் ஆர்கன் தானா ஊதுமா? டெம்பரரி போஸ்ட்ல. நாலு பேர் கால்ல விழாத குறையாச் சொல்லி வாங்கினது. நாளைக்குத் தூக்கிட்டாம்னா ஊருக்கு என்ன பதில் சொல்ல?"

சித்தப்பா மறுபடியும் போனேன் என்றார். அப்பா நம்பவில்லை. மத்தியானம் வந்து போகிறாரோ என்றார், அரை நாள் லீவு போடுகிறாரோ என்றார். சித்தப்பாவின் ஆபீஸுக்கு ஒரு போன் செய்து கேட்டிருந்தால் போதும். தம்பி வருகிறானா என்று அண்ணன் விசாரிப்பது கௌரவக் குறைவு என்று கேட்கவில்லை. ஒரே ஒருவர் சொன்னதை வைத்து, இன்னொருவரிடம் சரிபார்க்காமல் அச்சுக்குப் போன செய்தி அது. பின்னாளில் செய்தித்தாள் டெஸ்க்கில் அப்படி எத்தனையோ பார்த்தேன்.

ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. அம்மா அடுப்படியில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் கிடந்ததைத் திருப்பவில்லை. கருகிய வாசம் வந்த பிறகுதான் திருப்பினாள். அதற்கு அப்போது நான் எந்த அர்த்தமும் வைக்கவில்லை.

சில நாள் கழித்துச் சித்தப்பா, கரோல் பாகில் கூட வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் மெஸ்ஸில் ஒரு கட்டில் காலியாகிறது, ஒண்ணாம் தேதியிலிருந்து அங்கே போகிறேன் என்றார். அப்பா "உன் இஷ்டம்" என்றார். அம்மா அவர் தட்டில் இரண்டாம் தடவையும் நெய் விட்டாள். அவர் போனால் சாயங்காலங்களில் அப்பாவின் ரேடியோச் செய்தி மட்டும்தான் மிஞ்சும். போகாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். "சண்டே சண்டே வருவேம்ட்டி" என்றார். வர மாட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த வாரம் அம்மாவுக்குச் சளி. மூக்கு சிவந்து, தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு திரிந்தாள். வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் சித்தப்பா வந்தார், கொப்பளித்தார், நீலப் பெட்டியைத் திறந்தார். வாயில் வைத்து ஊதினார். பஞ்சு அடைத்த மூக்கில் மூச்சு விடுவது போல ஒரு சத்தம். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தன.

"இதுல யாரு மெழுகை ஊத்தினது?"

அம்மா உள்ளிருந்தே சொன்னாள். "மெழுகு இல்ல தம்பி. தேங்காயெண்ணெய். நாந்தான் கழுவி வச்சேன்."

"கழுவினியளா?"

"விளக்குக் கழுவுத மாதிரிதான். புளி போட்டுத் தேச்சு, வெந்நீர்ல போட்டு எடுத்து, வெயில்ல காய வச்சேன். துரு ஏறப்படாதுன்னு ரெண்டு சொட்டு எண்ணெய்."

உங்களுக்கு நினைவிருக்கும். ஊரில் வருடம் முழுவதும் தண்ணீராக ஓடுகிற எண்ணெய், டெல்லியில் தீபாவளி தாண்டினால் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். மத்தியான வெயிலில் அம்மா விட்டபோது அது எண்ணெய். வெயில் இறங்கியதும் ஒவ்வோர் ஓட்டையிலும் உறைந்துவிட்டது. உள்ளே மரம் வெந்நீரைக் குடித்துப் பருத்திருந்தது. ஓட்டைகளைப் பிரிக்கும் மரப்பற்கள் பித்தளையைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தன; சித்தப்பாவின் கீழுதட்டில் ஒரு சிராய்ப்பு.

"பரவால்ல மதினி" என்றார். அவ்வளவுதான். அன்றே படுக்கை சுருட்டும் ஹோல்டாலை விரித்து பஞ்சு ரஜாயையும் தலையணையையும் வைத்துச் சுருட்ட ஆரம்பித்தார். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்தோம். எச்சிலாம், அழுக்காம். அந்தச் சாமான் வீட்டில் இருப்பதே அவளுக்கு அருவருப்பு. போகிறவரைக் கழுவி அனுப்புகிறாள். அப்பாவே, "போற பிள்ளையோட சாமானை இப்பத்தான் கழுவணுமா?" என்றார். அம்மா தும்மினாள். நான் இரண்டு நாள் அவளிடம் சடை பின்னிக்கொள்ளவில்லை. ஆன்ட்டியிடம் போனேன். ஆன்ட்டி பஞ்சாபிப் பெண்கள் மாதிரி குஞ்சலம் வைத்துப் பின்னிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். சித்தப்பா கட்டிலின் மேல் செய்தித்தாளை விரித்து மவுத் ஆர்கனைப் பிரித்தார். அதுவரை நாலைந்து நாள் அதை நிழலில் வைத்திருந்தார். மரம் தானாகச் சுருங்கட்டும், வெயிலில் வைத்தால் வெடித்துவிடும் என்று. இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. யோசித்து, பயந்து பயந்து செய்தார். ஆபீஸில் டைப்ரைட்டரைத் துடைக்கும் பிரஷ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

முதலில் மூடிகளின் குட்டி ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பினார். ஒன்று தெறித்துப் புல்லில் விழுந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, குனிந்து தேடி எடுத்து, ஒரு பாட்டில் மூடியில் போட்டார். அப்புறம் அந்த மூடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பித்தளைத் தகடுகளை வெயிலில் சாய்த்து வைத்ததும் எண்ணெய் மெதுவாகக் கண்ணாடியானது, பிறகு ஒழுகியது. பஞ்சால் ஒற்றி எடுத்தார். ஸ்டவ் பற்றவைக்கிற ஸ்பிரிட்டை வேறு பஞ்சில் தொட்டுத் துடைக்கப் போனார்.

"பீடி கீடி பத்தவச்சிராத. ஸ்பிரிட்" என்றார் அப்பா. சித்தப்பா பீடி குடிப்பவரல்ல. அந்த வாரத்தில் அப்பா அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நாக்கைத் தொட்டா வளைஞ்சிரும்ணே" என்றார் சித்தப்பா பதிலுக்கு. அதுவும் அந்த வாரத்தில் முதல்தான். பிரஷ்ஷை, நாக்கைத் தகட்டில் அடித்திருக்கும் முனையிலிருந்து துடிக்கும் முனைப் பக்கமாக மட்டும் இழுத்தார். எதிர்த்திசையிலோ குறுக்கிலோ ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. புளிச்சக்கை நார் நாராக வந்தது. ஓர் ஓட்டையிலிருந்து ஒரு கொட்டையின் தோல் வந்தது. அப்பா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரசம் வைக்கலாம் போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. துருத்தியிருந்த மரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதித் தள்ளிவிட்டுத் திரும்பப் பூட்டினார்.

அம்மா அடுத்த கட்டிலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி அவள் பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா ஓட்டை ஓட்டையாக ஊதிப் பார்த்தார். எல்லாம் வந்தது. ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"எல்லாம் வந்துட்டு" என்றார் அப்பாவிடம்.

அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஊதினா வரும் தம்பி. உள்ள இழுத்துப் பாருங்க. நடுவுல உள்ளதுல இழுக்கும்போதுதான் வராது. முந்தியே அது கொஞ்சம் தயங்கும்."

சித்தப்பா நடு ஓட்டையில் வாயை வைத்து இழுத்தார். வெறும் காற்று.

எச்சில் என்று முந்தானையால் பிடித்து நகர்த்துகிறவளுக்கு அதில் இழுத்தால் சத்தம் வரும் என்பதே தெரிய வேண்டியதில்லை. எந்த ஓட்டை, எந்தப் பக்கத்து மூச்சு, முன்பு எப்படி இருந்தது என்பதெல்லாம் வாயை வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அது எங்கள் எல்லோர் தலையிலும் ஒரே சமயத்தில் ஏறியிருக்க வேண்டும். ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் ஊசியும் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

அம்மா இன்னும் இரண்டு காய் உரித்தாள். "தம்பி அன்னைக்கு ஆபீசுக்குத்தான் போயிருந்தாவ. மத்தியானம் ஊதினது நான்."

அம்மாவே தொடர்ந்தாள், அப்பாவைப் பார்க்காமல், சித்தப்பாவிடம். "நீங்க எல்லாரும் போனப்புறம் வீடு அமைதியா இருக்கும். ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். அப்புறம் தினமும். எப்பவும் ஈரத்துணியால துடைச்சுத்தான் வைப்பேன். இந்த வாரம் எனக்குச் சளி. என் எச்சி, அதுவும் சளியோட, அதை நீங்க வாயில வைக்கப்படாதுல்லா. அதான் வெந்நீர்ல போட்டேன்."

அவர் எச்சிலுக்காக அவள் அதைக் கழுவவில்லை. தன் எச்சிலுக்காகக் கழுவியிருக்கிறாள்.

சித்தப்பா மவுத் ஆர்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளும் நான் உங்க எச்சியத்தான்..."

"துடைச்சிட்டேங்கேன்லா!" அம்மாவின் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். கட்டில் ஆடியது, பட்டாணி உருண்டது. அப்பா ஆன்ட்டிக்கு இந்தியில் விளக்கினார், பாதி வாக்கியத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஹாய் ராம், தும் ஹீ தீ!" நீதானா என்று ஆன்ட்டி அம்மாவின் தோளில் அடித்தாள்.

அப்பா தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் அப்பாக்கள் யாரும் கேட்டதில்லை. "அச்சா" என்று மட்டும் சொன்னார். பாட்டில் மூடியைக் கட்டிலில் வைத்தார். எழுந்து வராந்தாவுக்குப் போய், ஹோல்டாலின் வாரை அவரே அவிழ்த்தார்.

"ரஜாயை எடுத்து வெயில்ல போடுல. சுருட்டியே வச்சிருந்தா நாறிப்போவும்."

சித்தப்பா மெஸ்ஸுக்குப் போகவில்லை.

அம்மா அன்று வாய் தவறிச் சொன்னாளா, வேண்டுமென்றேதான் சொன்னாளா? அன்று காலையிலிருந்து தம்பியும் அண்ணனும் சரியாகப் பேசாமல் உட்கார்ந்து வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஊதினேன் என்று நேராகச் சொல்லும் தைரியம் அத்தனை நாளும் வரவில்லை. ஓட்டையைப் பற்றிச் சொல்லலாம் அல்லவா? பல வருடம் கழித்து, நான் வேலைக்குப் போய்விட்ட பிறகு, கேட்டேன். "எனக்கு என்ன ஞாபகம், பட்டாணி உரிச்சிட்டு இருந்தேன்" என்றாள். சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நான் நிருபராக இருந்திருந்தால் அதை வைத்து ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது.

அந்த நடு நாக்கு கடைசிவரை பேசவில்லை. வளைந்ததோ, அடியில் பிடி தளர்ந்ததோ. சித்தப்பா மறுபடி பிரிக்கத் துணியவில்லை. குளிர் முடியும்வரை சாயங்காலம் அவர், மத்தியானம் அம்மா. இப்போது ஒளிவு இல்லை. கொப்பளித்துவிட்டு, மஃப்ளருக்குள் வைத்துச் சூடாக்கி, கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பாள். காய்கறி வண்டிக்காரர் குரலை அப்படியே ஊதி, ஆன்ட்டியைக் கூடையோடு வெளியே வர வைத்தாள் ஒரு தடவை. ஆன்ட்டி திட்டியது எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது. சினிமாப் பாட்டில் அந்த நடு சுரம் வரும் இடத்தில் இருவருமே ஒரு மூச்சு நிறுத்தி, தாண்டிப் போவார்கள். முடித்ததும் அம்மா உள்ளங்கையில் தட்டுவாள். அப்பாவின் பழைய வேட்டித் துண்டால் துடைப்பாள். பிறகு கொஞ்சம் யோசித்து இன்னொரு தடவையும் துடைப்பாள்.

சித்தப்பாவுக்கு வேலை நிரந்தரமானது, கல்யாணம் ஆனது, மாற்றலாகிப் போனார். மவுத் ஆர்கனை எடுத்துப் போகவில்லை. "மதினிக்கு இருக்கட்டும்" என்றார். நாங்கள் ஆர்.கே.புரத்துக்கு வீடு மாறியபோது அது எங்கேயோ தொலைந்தது. நீலப் பெட்டி மட்டும் வந்தது. அதில் அம்மா வெகுகாலம் ஊக்கும் பொத்தானும் போட்டு வைத்திருந்தாள்.

கடைசி வருடங்களில் அம்மா என்னோடு இருந்தாள். பால்கனி வெயிலில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முணுமுணுப்பாள். தொண்டையில் எந்த நாக்கும் பழுதில்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் நின்று, ஒரு மூச்சு விட்டு, தாண்டித்தான் போவாள். அந்தப் பாட்டு அவளுக்கு அப்படித்தான்.

என் புது மவுத் ஆர்கனில் எல்லா ஓட்டையும் பேசுகிறது. கொப்பளிக்கிறேன், ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்குகிறேன், டாக்டர் சொன்னபடி ஊதுகிறேன், இழுக்கிறேன். எனக்கு முழுதாக வருவதும் அந்த ஒரு பாட்டுதான். நடுவில் அந்த இடம் வரும்போது மட்டும் இழுப்பதில்லை. ஒரு மூச்சு காத்திருந்து, தாண்டிப் போகிறேன்.